சப்பாத்திக் கட்டை போன்ற ஒரு கல்

கேள்வி: சேர்வராயன் மலை அடிவாரத்தில், காப்புக்காட்டை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. போன மாதம் மலைக்குப் போகும் மண் பாதையில் துளையிடும் வண்டி ஒன்றும் தண்ணீர் டிராக்டர் ஒன்றும் ஏறின. பத்து நாள் தங்கி மூன்று இடங்களில் துளை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டவர்களிடம் ‘சர்வே’ என்று மட்டும் சொன்னார்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் அங்கிருந்து ஒரு கல் எடுத்து வந்தார். சப்பாத்திக் கட்டை போல உருண்டு, வழவழப்பாக, கரும்பச்சை நிறத்தில், எண்ணெய் தடவியது போல மினுமினுப்பாக இருக்கிறது. ‘பெட்ரோலும் கேஸும் எடுக்கப் போகிறார்கள், நெடுவாசல் போல ஆகிவிடும்’ என்று ஊர் முழுக்கப் பேச்சு. நாங்கள் ஒன்பது இளைஞர்கள் காட்டைக் கண்காணிக்க ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். டிரோன் வாங்கலாம் என்கிறார் ஒருவர். அடுத்த முறை வண்டியை மறிக்கலாம் என்கிறார் இன்னொருவர். கலெக்டரிடம் மனு கொடுத்தால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். எங்கே தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம் மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் துளையிடும் முகாம்களில் வேலை பார்த்த புவியியலாளன் நான். ஊர்ப் பேச்சு எதையும் சொல்லும். கல் அப்படி மாற்றிப் பேசாது. உருளையாக, வழவழப்பாக ஒரு கல் கிடைத்தது என்றால், அங்கே வந்தது தண்ணீருக்குப் போர் போடும் வண்டி அல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பீர்கள். அவை காற்றழுத்தத்தில் சுத்தியலால் பாறையை இடித்துப் பொடியாக்கும். மேலே வருவது வெள்ளைத் தூள்தான், முழுக் கல் வராது. வைரத் துகள் பதித்த வளையத்தால் பாறையைச் சுற்றி அறுத்து, நடுவில் நிற்கும் தண்டை அப்படியே மேலே எடுப்பது வேறு வகை வேலை. அந்தத் தண்டுக்கு ‘கோர்’ என்று பெயர். பெரும்பாலும் பூமிக்கு அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதை எடுப்பார்கள். ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, 47 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், இந்தியா முழுக்க ஆய்வுக்குப் பயன்படும் வழக்கமான அளவு அது.

ஆக, வந்தவர்கள் பெரும்பாலும் கனிமம் தேடித்தான் வந்திருப்பார்கள். எந்தக் கனிமம் என்பதை ஒரு துண்டு கல்லை வைத்து என்னால் சொல்ல முடியாது. பெட்ரோல் இல்லை என்று மட்டும் சொல்ல முடியும்.

கரும்பச்சை, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சார்னோக்கைட். நம் ஊரில் கருங்கல் என்போம். சேர்வராயன் மலையே அந்தப் பாறையால் ஆனதுதான். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல்லாக இருந்த நம் தமிழ்நாட்டுப் பாறையைப் பார்த்துவிட்டு, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர் அது. நம் கல்லுக்கு ஊர் பெயர் தெரியாத ஒருவரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்ட கதை. போகட்டும். இந்தப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருவானது. பெட்ரோல் என்பது கடலடியிலும் ஏரியடியிலும் படிந்த சேற்றில் மக்கிய நுண்ணுயிர்கள் மிதமான சூட்டில் மாறியது. 200 டிகிரியைத் தாண்டினால் எண்ணெய் நிலைக்காது. அதனால்தான் தமிழ்நாட்டில் நிலத்தடி எண்ணெய் என்றால் காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள்: நரிமணம், குத்தாலம், அடியக்கமங்கலம். நெடுவாசலில் 2017 பிப்ரவரியில் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்ததும் அந்தப் படுகையின் ஓரத்தில்தான். எண்ணெய்க் கிணறு தோண்டுவது இரண்டு வண்டியில் முடிகிற வேலையும் அல்ல. பத்து மாடி உயரத்துக்குக் கோபுரம், சமன் செய்த பெரிய மேடை, டிரெய்லர் டிரெய்லராகக் குழாய்கள் என்று வரும். உங்கள் மண் பாதையில் அவை ஏறவே முடியாது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘எங்கள் மலையில் பெட்ரோல் எடுக்கிறார்கள்’ என்று நீங்கள் மனு எழுதினால், ‘அப்படி எந்தத் திட்டமும் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கும். அதோடு கோப்பு மூடப்படும். துளை போட்டவர்கள் யார் என்ற உண்மையான கேள்வி அந்தக் கோப்புக்குள்ளேயே புதைந்துவிடும்.

சேலத்தைச் சுற்றிக் கனிமம் தேடுவது புதிதல்ல. ஏற்காட்டு மேட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரிகளில் இறக்கினார்கள். அந்த ஆலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நகரத்தை ஒட்டிய வெள்ளைக்கல் குன்றுகளை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், அது மேக்னசைட். கஞ்சமலையில் இரும்புத் தாது. அரூர் பக்கம் மாலிப்டினம் தேடியிருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் பிளாட்டினம் தேடினார்கள். அதே சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துத்தான் சந்திரயான் சோதனைக்கு நிலவு மண் போலச் செய்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கோர் எடுக்கும் வண்டி ஏறியது என்பதால் நாளையே சுரங்கம் வந்துவிடும் என்று பொருள் இல்லை. போடப்படும் துளைகளில் பெரும்பாலானவை ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்ற அறிக்கையோடு முடிந்துவிடும். ஆனாலும் உங்கள் குழு கலைய வேண்டாம். யாரும் பரபரப்பாக இல்லாத இந்த நேரம்தான் கண்காணிப்பைத் தொடங்க மிக நல்ல நேரம்.

அது சட்டவிரோதமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது பேரில் எட்டுப் பேராவது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வன நிலத்தைக் காடு அல்லாத வேலைக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டுச் சட்டம். 2023-இல் அதைத் திருத்தினார்கள். ஆய்வு, கனிமத் தேடல் போன்றவற்றை, மத்திய அரசு குறிப்பிடும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ‘காடு அல்லாத பயன்பாடு’ என்று கருத வேண்டியதில்லை என்று அப்போது சேர்த்தார்கள். அதனால் காப்புக்காட்டுக்குள் துளை வண்டி நின்றது என்பது மட்டுமே குற்றம் ஆகாது. நிபந்தனை என்ன, அதன்படி நடந்ததா என்பதுதான் கேள்வி. எண்ணெய், எரிவாயு விஷயத்திலும் இதே போக்கு உண்டு. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய்த் தேடல் துளைகளை மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவைப்படாத வகைக்கு மாற்றியது. அதே ஆண்டு மே 27 அன்று அசாமின் பாக்ஜானில், திப்ரு சைக்கோவா தேசியப் பூங்காவை ஒட்டி, ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த ஒரு எரிவாயுக் கிணறு கட்டுப்பாட்டை மீறி வெடித்தது. ஜூன் 9 அன்று தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அதை முழுதாக அடக்க நவம்பர் வரை ஆனது. ‘உங்கள் ஊருக்கு என்ன வருகிறது’ என்று கூட்டம் போட்டுச் சொல்லும் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்போது, ஊரார் தாங்களே எட்டிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்காணிப்பு என்று நான் சொல்வது காட்டுக்குள் ரோந்து போவதை அல்ல. அரசிடம் ஒரு தாள் இருக்கிறது, மலையில் ஒரு தரை இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை முழுவதும். தாளைப் பார்க்காமல் தரையை மட்டும் பார்ப்பவர்கள் கூச்சல் போடுவார்கள். தாளை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தாளில் முதலில் தேட வேண்டியது, அந்த மூன்று இடங்களும் யாருடைய நிலம் என்பதை. மரம் நிற்கும் இடமெல்லாம் காப்புக்காடு அல்ல. எஸ்டேட் பட்டாவாக இருக்கலாம், வருவாய்த்துறைப் புறம்போக்காக இருக்கலாம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன் 4-ஆம் பிரிவில் காப்புக்காடாக்கப் போவதாக அறிவிப்பு வந்து, 16-ஆம் பிரிவின் இறுதி அறிவிப்பு வராமல் பல பத்தாண்டுகளாக நடுவில் தொங்கும் நிலமாகவும் இருக்கலாம். புல எண் (சர்வே எண்) தெரிந்தால், நில விவரம் உள்ள அ-பதிவேடும் புலப்படமும் அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். காட்டின் எல்லையில் கற்குவியல்கள் நட்டு எண் போட்டிருப்பார்கள். ஊரில் மாடு மேய்க்கும் எவருக்கும் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். கல் எடுத்துவந்த பெரியவரைக் குழுவில் பத்தாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். இதில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற புதிதில், சேலத்துக்கு மேற்கே ஒரு கல் குவாரியைப் பற்றி எழுதிக் கேட்டேன். ‘ஏரிக்கு இவ்வளவு அருகில் எப்படி அனுமதி கொடுத்தீர்கள்?’ என்பது என் கேள்வி. ‘விளக்கம் கேட்கும் வினாக்களுக்குச் சட்டத்தில் இடமில்லை’ என்று பதில் வந்தது. கோபம் வந்தது, ஆனால் அலுவலர் சொன்னது சரி. அந்தச் சட்டத்தில் ஆவணம்தான் கேட்க முடியும், காரணம் கேட்க முடியாது. ஆகவே நீங்கள் இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன காப்புக்காட்டில் அல்லது இன்ன புல எண்ணில் கனிம ஆய்வுக்காகத் துளையிட அளித்த அனுமதிக் கடிதத்தின் நகல், அதிலுள்ள நிபந்தனைகளின் நகல், துளைகளின் எண்ணிக்கை, ஆழம், அமைவிடம் குறித்த வரைபடத்தின் நகல், வெட்டிய மரங்களின் பட்டியல், வாகன நுழைவு அனுமதியின் நகல். இதே மனுவை, ஒரு சொல்லும் மாற்றாமல், ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள்: மாவட்ட வன அலுவலகம், மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத்துறை உதவி இயக்குநர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம். ஒவ்வொன்றுக்கும் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மூன்று அலுவலகமும் மூன்று விதமாகப் பதில் சொன்னால் வருத்தப்படாதீர்கள். அந்த முரண்பாட்டைத் தேடித்தான் மூன்று மனு போடச் சொல்கிறேன்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. நகல் வாங்குவது மட்டும் தகவல் உரிமை அல்ல. வேலையையும் கோப்பையும் நேரில் பார்வையிடுவது, குறிப்பெடுப்பது, பொருள்களின் சான்றிட்ட மாதிரி பெறுவது எல்லாம் அதில் அடக்கம். கோப்பைப் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலாக அனுப்பும்போது விட்டுப்போகும் ஓரக் குறிப்புகளைக் கோப்பில் படிக்கலாம். ‘கள ஆய்வு செய்யவில்லை, வனவர் அறிக்கையின்படி’ என்று பென்சிலில் எழுதிய ஒரு வரி, நூறு புகைப்படத்தைவிட உங்களுக்கு உதவும்.

தரைக்கு வருகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். துளை போட்டவரை விட்டுவிட்டுப் படம் எடுத்தவர் மீது வழக்குப் பதிவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆகையால் பொதுப்பாதையிலிருந்து பாருங்கள். மேலே போக வேண்டுமென்றால் வனச்சரகருக்கு எழுதிக் கொடுத்து, வனக்காப்பாளரை அழைத்துக்கொண்டு போங்கள். மலைக்கு மேலே இருக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களோடு பேசுங்கள். வன உரிமைச் சட்டம் 2006-இன் 5-ஆம் பிரிவு, வன உரிமை பெற்றவர்களுக்கும் அவர்களுடைய கிராம சபைக்கும் காட்டையும் நீர்ப்பிடிப்பையும் காக்கும் அதிகாரம் தருகிறது. அடிவாரத்து இளைஞர்களான உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர்களை முன்னால் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்குப் பின்னால் நில்லுங்கள் என்கிறேன்.

துளை போட்ட இடத்துக்கு முறையாகப் போனால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, துளை வாய். ஒழுங்காக வேலை செய்பவர்கள் துளையை அடைத்து, சிமென்டில் சின்னத் தூண் வைத்து, துளை எண், தேதி, ஆழம் ஆகியவற்றை அதில் பொறித்துவிட்டுப் போவார்கள். யார் போட்டது என்பதற்கு அந்தத் தூணே சாட்சி. தூண் இல்லை, வாய் திறந்து கிடக்கிறது என்றால் மனுவில் எழுத உங்களுக்கு முதல் வரி கிடைத்துவிட்டது. மூன்று அங்குலத் துளையில் குழந்தை விழாது, ஆட்டின் கால் முறியும். மேல் அழுக்கெல்லாம் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். இரண்டாவது, சேற்றுக் குழி. வைர வளையத்தைக் குளிரச் செய்ய ஊற்றும் தண்ணீர் கல்மாவோடு திரும்பி வந்து ஒரு குழியில் தேங்கும். அதை மூடினார்களா, ஓடைப் பக்கம் வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது பாதை. துளைக்கு யாரும் பயப்பட வேண்டாம். வண்டி ஏறுவதற்காக அகலப்படுத்திய பாதைக்குத்தான் பயப்பட வேண்டும். துளையை மண் மூடிவிடும், பாதை மூடாது. அதன் வழியே மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு இறங்கும். அடுத்த ஆண்டு விறகு லாரி வரும், அதற்கடுத்த ஆண்டு யாரோ வேலி போடுவார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகெனி என்று ஒரு தேசியக் காடு இருக்கிறது. 1923-இல் அதை அமைத்தபோது அரசு மேல் நிலத்தை மட்டும் விலைக்கு வாங்கியது. அடியில் இருக்கும் கனிம உரிமையில் நூற்றுக்கு 93 பங்கு இன்றும் தனியாரிடம். எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் பாதைகள் அந்தக் காட்டைக் கீற்றுக் கீற்றாக அறுத்து வைத்திருப்பதை வானிலிருந்து பார்த்தால் தெரியும்.

பாதையைப் பார்க்க டிரோன் வேண்டாம். ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் மலையைப் படம் எடுத்துவிட்டுப் போகின்றன. இணையத்தில் இலவசம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர். துளை தெரியாது, ஆனால் காட்டுக்குள் புதிதாகத் திறந்த மண் பளிச்சென்று தெரியும். வண்டி வருவதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேகம் சூழ்ந்த மாதங்களில் ஒன்றும் தெரியாது என்பதால் ஜனவரி முதல் மே வரையிலான படங்களாகப் பார்த்து எடுங்கள். டிரோன் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு விதிகளும் உண்டு, காட்டுக்கு மேல் என்றால் வனத்துறையின் கேள்வியும் உண்டு. ஒரு முறை விழுந்தால் போதும், குழுவின் மொத்தப் பணமும் மரத்தில் சிக்கிக்கொள்ளும்.

அந்தப் பணத்தில் ஒரு மழைமானியும், நல்ல கெட்டி அட்டை நோட்டும், ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயும் வாங்குங்கள். குழாயின் அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டி, ஓடைத் தண்ணீரை ஊற்றி, எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் குறி மறைகிறது என்று எழுதினால் அதுதான் கலங்கல் அளவு; எண் குறைந்தால் கலங்கல் அதிகம். தண்ணீர் கேன் கடைக்காரரிடம் இருக்கும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து அளக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பார்கள். பென்சில்வேனியாவில் டிக்கின்சன் கல்லூரியின் ‘அலார்ம்’ அமைப்பு 2010 முதல் தன்னார்வலர்களுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தது: ஓடை நீரின் கடத்துத்திறனை, அதாவது அதில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளக்கச் சொன்னது; உப்பு கூடினால் அதுவும் கூடும். எரிவாயுக் கிணற்றிலிருந்து வரும் நீர் கடல்நீரைவிட உப்பாக இருக்கும், ஓடையில் கலந்தால் மீட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நம் கருங்கல் மலையில் துளையிட்டால் உப்பு வராது, கல்மாவும் செம்மண்ணும்தான் வரும். அங்கே மீட்டர், இங்கே குழாய். எதைத் தோண்டுகிறார்கள் என்பது தெரிந்தால்தான் எதை அளப்பது என்று தெரியும். அதனால்தான் அந்தக் கல்லைப் பற்றி அவ்வளவு பேசினேன்.

ஒரே ஓடையில் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். பாதை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐப்பசி மழையில் எந்த மலை ஓடையும் சிவந்துதான் ஓடும்; காப்பித் தோட்டத்துச் சாலை மண்ணும் அதில் இருக்கும். ‘தண்ணீர் கலங்கிவிட்டது’ என்று கீழ் அளவை மட்டும் கொண்டுபோனால் எந்தப் பொறியாளரும் சிரிப்பார். மேலே 60 சென்டிமீட்டர், கீழே 15 சென்டிமீட்டர், அதே நாள், அதே மணி, அன்றைய மழை இவ்வளவு என்று காட்டினால் சிரிக்க முடியாது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. உங்கள் ஓடை எதில் சேர்கிறது என்று நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

படம் எடுப்பதில் என் இரண்டாவது தவறைச் சொல்கிறேன். அதே குவாரிக்காக நாற்பது படம் எடுத்து, வாட்ஸப்பில் சுற்றுக்கு விட்டு, அங்கிருந்து இறக்கி அச்சிட்டுக் கொண்டுபோனேன். அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘ஐயா, இது எந்த ஊர், எந்த ஆண்டு?’ என்றார். வாட்ஸப் வழியே போனால் படத்துக்குள் இருக்கும் இடக்குறிப்பும் நேரமும் அழிந்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. மறுபடி எடுக்கப் போவதற்குள் குவாரி வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. நீங்கள் மூலப் படத்தைப் போனிலேயே வைத்திருந்து, அன்றே ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே பாலத்தின் அதே கல்லில் நின்று, அதே பனைமரம் படத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி எடுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் படம் நீதிமன்றத்தில் நிற்க ஒரு சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் வேண்டும். குழுவில் கணினி படித்தவர் ஒருவர் இருந்தால் இதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

வண்டியை மறிக்கலாம் என்றவருக்கு: வேண்டாம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல் குவாரி முறைகேட்டைப் பற்றிப் புகார் கொடுத்து வந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒருவர் பெயரில் நிற்கும் புகார் ஆபத்தானது என்பதற்காகச் சொல்கிறேன். கிராம சபைத் தீர்மானமாக நிற்கும் புகாரில் யாரை மிரட்டுவது என்று தெரியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் எது அடுத்து வருகிறதோ, அன்று ‘எங்கள் ஊராட்சி எல்லையில் நடந்த துளையிடும் பணியின் விவரத்தை ஊராட்சிக்குத் தர வேண்டும்’ என்று ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். எதிர்க்கிறோம் என்றோ ஆதரிக்கிறோம் என்றோ இப்போதைக்கு எழுத வேண்டாம். விவரம் கேட்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட எந்தக் கட்சிக்காரரும் தயங்க மாட்டார்.

பெரியவர்கள் சொல்லும் கலெக்டர் மனுவும் தவறில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிய நிலை வந்தால், காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கணக்கு; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். பின்னால் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்து, அதை எதிர்க்க வேண்டுமென்றால் 30 நாள், கூடினால் இன்னொரு 60 நாள். ‘மனு நடவடிக்கையில் உள்ளது’ என்ற பதிலைப் படித்துக்கொண்டே ஆறு மாதத்தைக் கோட்டைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்; இருந்தால் நல்லது.

‘காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரியே கூடாது என்று சட்டம் இருக்கிறதே’ என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு அப்படி விதி கொண்டுவந்தது உண்மை. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா போன்றவற்றுக்குத்தான் அது இன்று நிற்கிறது. பழைய அரசாணையை மனுவில் எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக அந்தக் கல். காப்புக்காட்டுக்குள் கிடந்தது என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதும் வம்புதான், பெரியவரைத் தேடி யாராவது வந்துவிடப் போகிறார்கள். வெள்ளைத் துணியில் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். எடை போட்டு எழுதுங்கள். பெரியவர் எங்கே, எந்த நாளில் கண்டெடுத்தார் என்பதை அவர் வாயால் சொல்லவைத்து எழுதி, கைநாட்டோ கையெழுத்தோ வாங்குங்கள். பிறகு மூன்று பேராகப் போய் வனச்சரகர் அலுவலகத்தில், ‘துளையிட்ட இடத்தில் கிடந்தது, ஒப்படைக்கிறோம்’ என்று கடிதத்தோடு கொடுத்துவிடுங்கள். வாங்க மறுத்தால் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாங்கிக்கொண்டால், முத்திரையிட்ட ஒப்புகையை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.